ஜாபர் வண்டியின் செருமல்

வண்டி வேலை பார்க்கிற தம்பிகளா, உங்களில் பலர் இப்போது செய்யும் வேலை எனக்குத் தெரியாது. வண்டியில் லேப்டாப்பைச் செருகி, பெட்ரோல் எவ்வளவு இறங்கவேண்டும் என்று திரையில் கோடு போட்டுக் காட்டுகிறீர்கள். பெட்டி மாட்டுவது, ஷாக் மாற்றுவது, சைலன்சர் கடைவது எல்லாவற்றிலும் என்னைவிட உங்களுக்குக் கை சுத்தம். அதையெல்லாம் சொல்லிக்கொடுக்க நான் வரவில்லை. போன தடவை கடைப்பக்கம் வந்தபோது உங்களில் ஒருவர் கேட்டாரே, "கஸ்டமர் சொன்ன மாதிரியே செஞ்சு குடுத்தும் கோளாறு போகலைன்னா என்னங்க பண்றது?" என்று. அப்போது டீ வந்தது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். ஜாபர் வண்டியைப் பற்றிச் சொல்லாமல் அந்தப் பதிலை என்னால் சொல்ல முடியாது.

ஜாபரும் செல்வமும் தஞ்சாவூரில் என் கடைக்கு ஒன்றாகத்தான் வந்தார்கள். ஜாபர் வீடு கீழ்வேளூர் பக்கம், வாய்க்கால் ஓரம். வளைகுடாவில் சில வருஷம் இருந்துவிட்டு ஊருக்கு வந்து துணி வியாபாரம் செய்துகொண்டிருந்தான். செல்வம் நாகப்பட்டினம் கடற்கரைக்காரன், மீன்பிடி போட்டில் வேலை. பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. இரண்டு பேரையும் அவன் இவன் என்றே எழுதுகிறேன், பழக்கம் அப்படி.

ஒரே கம்பெனி வண்டி இரண்டு. லடாக் போகவேண்டும், அதற்கேற்ற மாதிரி செய்துகொடுங்கள் என்றார்கள். ஸ்பிரிங், ஏர் ஃபில்டர், முன்லைட் என்று எல்லாவற்றையும் மாற்றினேன். சைலன்சரை நானே செய்தேன். ஒரே குழாயை இரண்டாக வெட்டி, ஒரே மாதிரி துளை போட்டு, இரண்டு வண்டிக்கும் மாட்டினேன். கனமான, நிதானமான சத்தம் வந்தது. ஆனால் ஆக்சிலேட்டரை விட்டதும் "க்கும்" என்று ஒரு செருமல் விழுந்தது. வீட்டுக்குள் நுழையும்போது நான் வந்துவிட்டேன் என்று தெரிவிப்பதற்காக ஆண்கள் செருமுவார்களே, அதே செருமல்.

அதைக் குறை என்று நினைத்துக் குழாயைக் கழற்றப் போனேன். ஜாபர் தடுத்தான். "இருக்கட்டும்ணே. நான் வர்றது உம்மாவுக்கு உள்ள இருந்தே தெரிஞ்சிடும். கதவைத் திறந்து வெச்சிருவாங்க."

லடாக்குக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பினார்கள். அங்கே ஒன்றும் ஆகவில்லை. ஆனது இங்கேதான். அடுத்த ஆடியில் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த சமயம், திருப்பனந்தாளுக்கு வடக்கே ஒரு தரைப்பாலத்தைக் கடந்து வந்தார்கள். செல்வம் முன்னால் கடந்துவிட்டான். பின்னால் வந்த ஜாபரைத் தண்ணீர் வண்டியோடு தள்ளிக்கொண்டு போனது. வெள்ளம் வடிந்தபின் நாணல் புதரில் வண்டி கிடைத்தது. ஜாபர் கிடைக்கவில்லை. கடைசிவரை கிடைக்கவில்லை.

கார்த்திகை வாக்கில் அந்த வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு ஜாபரின் தங்கை மும்தாஜ் கடைக்கு வந்தார். அண்ணனின் துணி வியாபாரத்தை இப்போது அவர்தான் பார்க்கிறார். ஊர் ஊராகப் போய்க் கடைகளுக்குத் துணி போடுகிறார்.

"ஓடற மாதிரி பண்ணிக் குடுங்கண்ணே. நான்தான் ஓட்டப் போறேன். ரெண்டு பக்கமும் பெட்டி வேணும், மழையில துணி நனையக்கூடாது. பின்னால கேரியர் வேணும்."

"கனமான வண்டிம்மா. ஸ்கூட்டி வாங்கிக்கலாமே?"

"விக்க உம்மா விடமாட்டேங்கறாங்க. வாசல்ல நிறுத்தி வெச்சா அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஓடிக்கிட்டிருந்தா அது வெறும் வண்டியாயிடும்ல?" என்றவர், பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா நானா போட்டிருந்த அந்தச் சத்தம் வேணாம். வேற எந்தச் சத்தம் வேணா வையுங்க."

அண்ணனை அவர்கள் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சத்தம் ஏன் வேண்டாம் என்று கேட்டேன்.

"உம்மாவுக்கு அது கேக்குதுண்ணே. பொழுது சாயறப்போ, மக்ரிப் தொழுகை நேரத்துல கேக்குதுங்கறாங்க. கதவைத் திறந்துக்கிட்டு ரோட்டுக்குப் போயிடறாங்க."

"யாராவது வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறாங்களா?"

"தண்ணி குடிச்ச இன்ஜின். சாவியே திரும்பல."

பெற்ற மனசு, கேட்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். மும்தாஜின் கணக்கு எனக்குச் சரியாகவே பட்டது. அதே வண்டி வேறு சத்தத்தோடு தினமும் வீட்டுக்கு வந்து போனால் அந்த அம்மாவின் காது மெல்ல மாறிவிடும். வேலையை எடுத்துக்கொண்டேன்.

இன்ஜினைப் பிரித்துக் கழுவினோம். மும்தாஜ் உயரத்துக்கு சீட்டைக் குறைத்தேன். வேகத்துக்காக ஜாபர் போட்டிருந்த பின்சக்கரத்துச் சின்னப் பல்சக்கரத்தை எடுத்துவிட்டு, பாரம் இழுக்கிற பெரிய பல்சக்கரத்தைப் போட்டேன். பெட்டிகளை அவர் கேட்டதைவிட ஒடுக்கமாகச் செய்யச் சொன்னேன். நம் பக்கத்து ரோட்டில் ஒரு பஸ் எதிரே வந்தால் வயலில்தான் இறங்கவேண்டும், அகலப் பெட்டி அங்கே ஆளைச் சாய்த்துவிடும். பழைய சைலன்சரைக் கழற்றிச் சுவரில் கம்பியில் மாட்டினேன்.

அதன் கீழே வெல்டர் சுப்பையா உட்காரமாட்டான். தன் மெஷினை எதிர் மூலைக்கு நகர்த்திக்கொண்டான்.

"அதை ஆத்துலயே கொண்டுபோய்ப் போட்டுடுங்க" என்றான். "ஆறு எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்ததை வெச்சிக்கக் கூடாதுங்க."

"இரும்புடா அது" என்றேன்.

ஒருநாள் சாயங்காலம் மும்தாஜ் போன் செய்தார். எடுத்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அண்ணே, வண்டிய யாருக்காவது ஓட்டக் குடுத்தீங்களா?"

இன்ஜின் என் எதிரே மேஜைமேல் நாலு துண்டாகக் கிடந்தது. சைலன்சர் சுவரில் தொங்கியது. சொன்னேன்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவது கேட்டது.

"உம்மாவுக்கு மட்டும் இல்லண்ணே. இன்னிக்கு எனக்கும் கேட்டுச்சு."

காற்று எங்கிருந்தோ எதையோ கொண்டுவந்திருக்கும் என்று ஏதோ சொல்லி வைத்தேன். வைத்தபிறகு சுவர்ப்பக்கம் பார்த்தேன். சுப்பையாவும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குச் சீக்கிரமே கடையை மூடினோம்.

சில நாள் கழித்து மறுபடியும் போன் வந்தது. இந்தத் தடவை அழுதுகொண்டே பேசினார். சத்தம் கேட்டு உம்மா மெயின் ரோட்டின் நடுவில் போய் நின்றிருக்கிறார். வந்த பஸ் பிரேக் போட்டு நின்றிருக்கிறது. பயத்தில் விழுந்த உம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"நாளைக்கே வண்டியக் குடுத்துடுங்கண்ணே. ஏதோ ஒரு சைலன்சர் மாட்டிக் குடுங்க. பெட்டி அப்புறம் பாத்துக்கலாம். என்னால முடியல."

தம்பிகளா, நீங்கள் நின்று யோசிக்கவேண்டிய இடம் இதுதான். கஸ்டமர் அழுகிறார், அவசரம் என்கிறார். கேட்டதைக் கொடுத்துவிட்டால் நமக்கும் நிம்மதி. ராத்திரி உட்கார்ந்தால் இன்ஜினைக் கோத்துவிடலாம்; ரெடிமேட் சைலன்சர் ஒன்று அலமாரியில் இருந்தது, அதை மாட்ட அரைமணி நேரம் ஆகாது. என் கை அதை எடுக்கவும் செய்தது. அப்புறம் தோன்றியது: வண்டி இங்கே பிரிந்து கிடக்கும்போது அங்கே ஒரு சத்தம் கேட்கிறது. அப்படியானால் அது இந்த வண்டியின் கோளாறு இல்லை. இந்த வண்டியில் நான் எதை மாற்றினாலும் அது போகாது. புதுச் சத்தத்தோடு மும்தாஜ் வீட்டுக்குப் போய், அதன்பிறகும் பழைய சத்தம் வந்தால் அவர் கதி என்ன?

"வண்டி இன்னும் ஆகலம்மா" என்றேன். "முதல்ல நான் வர்றேன். வந்து கேக்கறேன்."

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் பகுதியில் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள். கடையில் வேலை இல்லை. என் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நான் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மார்கழிப் பனி வயல்மேல் இறங்க ஆரம்பித்திருந்தது. வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் சம்பாப் பயிர், தண்ணீர் கட்டி நின்றது. ஒரு பக்கம் மட்டும் வாய்க்கால், அதன்மேல் சின்னப் பாலம். அந்த மாதிரி தட்டையான ஊரில் தண்ணீர்மேல் சத்தம் வெகுதூரம் வரும். பாங்கு சொல்லி முடித்த பிறகு அங்கே ஓர் அமைதி இருந்தது. பயிருக்குள் தண்ணீர் நகர்வதுகூடக் கேட்டது.

தொழுகை முடித்த உம்மா, கையில் மாவுக்கட்டோடு வந்து வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தச் சத்தத்தைப் பண்ணினவங்க நீங்கதானா?"

"ஆமாம்மா."

"நல்ல வேலைக்காரர் நீங்க. எத்தனை வண்டி நடுவுலயும் தெரியும்" என்றார். அதில் கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. விருந்துக்கு வந்தவர் சமையலைப் பாராட்டுகிற மாதிரி சொன்னார். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

மும்தாஜ் கொண்டுவந்த டீயை நான் கையில் வாங்கவில்லை, அதற்குள் கேட்டது.

கிழக்கே இருந்து வந்தது. முதலில் பனிக்குள் ஒரு முனகல். பிறகு அந்தக் கனமான, நிதானமான சத்தம். என் கையால் போட்ட துளைகளின் சத்தம் எனக்குத் தெரியாதா? தஞ்சாவூரில் பூட்டிய கடைக்குள் கம்பியில் தொங்குகிற குழாய் இங்கே வயல் நடுவில் பேசிக்கொண்டு வந்தது. பாலத்தருகே வந்ததும் யாரோ ஆக்சிலேட்டரை விட்டார்கள்.

க்கும்.

பிறகு ஒன்றும் இல்லை. மும்தாஜ் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உம்மா எழுந்திருக்கவில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

எனக்கு வேறொன்று உறைத்தது. அந்தக் குழாயை நான் இரண்டாக வெட்டினேன்.

"செல்வம் எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"அவங்க ஊர்லயே இல்லையே. கேரளாவுல மீன்பிடி போட்டுல வேலைக்குப் போயிட்டதா சொன்னாங்க. நானா போனதிலேருந்து ஒரு தடவைகூட வரல."

போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தேன். தைரியசாலி என்று என்னை எண்ணவேண்டாம். அந்த வெளிச்சத்தைக் காலடியை விட்டு எடுக்காமல்தான் நடந்தேன். பாலத்துக் கட்டைச்சுவரை ஒட்டி ஒரு வண்டி லைட் இல்லாமல் நின்றது. பக்கத்தில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஓர் ஆள், வீட்டு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஹெல்மெட்டிலிருந்து பனித்தண்ணீர் சொட்டியது.

"யாருப்பா?"

மறுபடி கேட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றினான். செல்வம்தான். பாதி ஆளாகியிருந்தான்.

"அண்ணே, நீங்களா? நீங்க எப்படி இங்க?"

"அதை நான் கேக்கணும். கேரளாவுல இருக்கேன்னு சொன்னாங்க?"

"எங்கயும் போகல. அப்படிச் சொல்லச் சொன்னேன். வெள்ளிக்கிழமைன்னா எனக்கு இங்கதாண்ணே சாப்பாடு. படிச்ச காலத்துலேருந்து அப்படித்தான். வர்றேன். பாலம் வரைக்கும் வர்றேன். அதுக்கு மேல வண்டி போகமாட்டேங்குது."

"வண்டியா போகமாட்டேங்குது?"

அவன் கட்டைச்சுவரில் உட்கார்ந்துவிட்டான். "நான் முன்னால தாண்டிட்டேன்ணே. அக்கரையில நின்னு திரும்பிப் பாத்தேன். அவன் யோசிச்சுக்கிட்டு நின்னான். தண்ணி கம்மிதான், வாடான்னு கையைக் காட்டினேன். நான் கையைக் காட்டினதாலதான் இறங்கினான். கடல்ல பொறந்தவன் நான், ஆத்துத் தண்ணிய எடை போடத் தெரியல. அதை அந்த உம்மா மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?"

அவனுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு நேரம் இல்லை. உள்ளதைச் சொன்னேன். "நீ இங்க வந்து நின்னுட்டுப் போற சத்தத்தைக் கேட்டு அந்தம்மா ரோட்டுல போய் நிக்கிறாங்க. பஸ்ஸுக்கு முன்னால விழுந்து கை முறிஞ்சு கிடக்கு. இன்னிக்கு நீ வாசலுக்கு வர்றே."

அவன் எழுந்து வண்டியை ஸ்டார்ட் செய்தான். நான் பின்னால் நடந்தேன். பாலத்தைத் தாண்டி வீட்டு வாசலில் போய் நிறுத்தினான்.

உம்மா நாற்காலியிலேயே இருந்தார். "செல்வமா? வா வாப்பா" என்றார். "எளைச்சுட்டியே."

அவன் அவர் காலருகே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். கையைக் காட்டியதையும் சொன்னான். மும்தாஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். உம்மா கடைசிவரை கேட்டார். கட்டுப் போடாத கையை அவன் தலைமேல் வைத்தார். நெடுநேரம் அப்படியே வைத்திருந்தார்.

"அவன் உன்னைக் கூப்பிட்டிருந்தா நீ இறங்கியிருக்க மாட்டியா? அப்படித்தான் அவனும் இறங்கினான். அல்லா எழுதினது. நீ ஏன் பாலத்துலயே நிக்கிற? பனியில நின்னா சளி புடிக்காதா?"

"என் சத்தத்தைக் கேட்டுத்தான் நீங்க ரோட்டுக்குப் போனீங்களாம்மா. எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது."

உம்மா அவனை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"உன் சத்தம் எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை வருவே, போயிடுவே. அதுக்கு நான் எந்திரிக்கிறதே இல்லையே." பிறகு, தெரிந்த விஷயத்தைச் சிறுபிள்ளைக்கு விளக்குகிற மாதிரி சொன்னார். "உன் வண்டி பாலத்தோட நின்னுடும் வாப்பா. இன்னொண்ணு வாசல் வரைக்கும் வருது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, சற்றுமுன் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை என்பது.

சாப்பிட உள்ளே கூப்பிடுகிற சாக்கில் மும்தாஜ் என்னை ஓரமாக அழைத்தார். "உம்மா விழுந்தது வெள்ளிக்கிழமை இல்லண்ணே. எனக்கும் கேட்டுச்சுன்னு முதல்ல போன் பண்ணினேனே, அன்னிக்கும் வெள்ளிக்கிழமை இல்ல."

செல்வத்திடம் தனியாகக் கேட்டேன். மற்ற நாளில் கடலில் இருப்பதாகச் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை.

மும்தாஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் செல்வம்தான், நாளைக் குழப்பிக்கொள்கிறீர்கள், இனிமேல் கேட்காது என்று நான் சொல்லியிருக்கலாம். அன்று இரவு அவர் நன்றாகத் தூங்கியிருப்பார். ஆனால் நம் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு கோளாறு கிடைத்ததும் அதுதான் எல்லாம் என்று மூடி போல்ட்டை முறுக்கிவிடுவோம். அடுத்த வாரம் வண்டி ரோட்டில் நின்றுவிடும். கிடைத்ததைச் சொல்லலாம், கிடைக்காததைச் சொல்லக்கூடாது.

"செல்வத்தோட சத்தம் எதுன்னு எனக்குத் தெரியும்மா" என்றேன். "இன்னொண்ணு எனக்குத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா உம்மாவுக்கு ரெண்டும் பிரிச்சுத் தெரியுது. அவங்க குழம்பிப்போகல. ரோட்டுக்குப் போகாம பாத்துக்கங்க. அது வாசலுக்கே வருதுன்னா, அவங்க ரோட்டுக்குப் போகவேண்டியதில்லையே."

இதைச் சொல்லும்போது எனக்கே என் பேச்சு விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் மும்தாஜ் தலையசைத்தார். பிறகு உம்மாவிடம் போய் அதையே சொன்னார். உம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார். அதற்கப்புறம் அவர் ரோட்டுக்குப் போகவில்லை. கதவைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே இருப்பார், அவ்வளவுதான்.

வண்டியை நிதானமாக முடித்து, பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்து, தை பிறந்ததும் கொடுத்தேன். சத்தமே வராத சைலன்சர். மும்தாஜ் அதில் திருக்காட்டுப்பள்ளி வரைக்கும் துணி கொண்டுபோகிறார். செல்வம் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான்.

அந்த வெள்ளிக்கிழமை நான் திரும்பி வந்ததையும் சொல்லிவிடுகிறேன். செல்வம் சாப்பிட உட்கார்ந்திருந்தான், அவன் வண்டி வாசலில் நின்றது. நான் விடைபெற்றுக் கிளம்பினேன். பொழுது இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மெயின் ரோடு ஏறி மேற்கே வந்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் வயல், பனி, விடாமல் கத்துகிற தவளைகள்.

எதிரே தூரத்தில் அந்தச் சத்தம் வந்தது. வெளிச்சம் எதுவும் இல்லை. சத்தம் நெருங்க நெருங்க, ரோட்டோரத்துத் தவளைகள் எனக்கு முன்னால் வரிசையாக வாயை மூடிக்கொண்டு வந்தன.

திரும்பி ஓடவேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு உம்மா வீட்டில் திறந்திருக்கும் கதவு நினைவுக்கு வந்தது. எதிரே வருகிறவருக்குக் கண் கூசக்கூடாது என்று லைட்டைத் தாழ்த்தினேன். வண்டியை இடதுபக்கம் மண்ணில் இறக்கி நிறுத்தி, வழி விட்டேன்.